கைமாற்றாக வந்த செயற்கைக்கோள்

விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது நாம் முதலில் நோக்குவது வானத்தையே. மரப்பட்டை நனைந்திருந்தால் பால்மரம் வெட்ட இயலாது. வெட்டி முடித்தபின் மழை கொட்டினாலோ, மங்கில் சேர்ந்த பால் நீரோடு வழிந்து வீணாகும். ஆகவே மழையைப் பற்றிய கேள்வி நமக்குக் கூலியைப் பற்றிய கேள்வியுமாகும்.

அந்த மழை எங்கிருந்து வருகிறது? நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, ஆசியாவின் வடபகுதியிலிருந்து தென்சீனக் கடலைக் கடந்து, அதன் ஈரத்தை அள்ளிக்கொண்டு நமது கிழக்குக் கரையை அடைகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருமழையும் இப்பருவத்தில் பெய்ததே. காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. எனவே நம் நாட்டுக்குள் மட்டும் கருவிகளை வைத்துக்கொண்டு நம் வானிலையை முன்னறிதல் அரிது.

இவ்வுண்மையை உலக நாடுகள் உணர்ந்திருந்தன. உலக வானிலை அமைப்பின் உடன்படிக்கை 1950 மார்ச் 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்கா டைரோஸ்-1 என்னும் முதல் வானிலைச் செயற்கைக்கோளை வெற்றிகரமாக ஏவியது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பகைமை பாராட்டிய காலத்திலேயே, 1962இல், வானிலைச் செயற்கைக்கோள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள இணங்கின.

இன்று நம் பகுதியைக் கவனிக்கும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. பூமி சுழலும் வேகத்திற்கு இணையாக இவையும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றும். ஒன்றின் பார்வைக்குள் பூமியின் மூன்றில் ஒரு பங்கே அடங்கும். ஆதலின் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா, சீனா, தென்கொரியா ஆகியவற்றின் செயற்கைக்கோள்கள் வரிசையாக நின்று உலகைக் காவல் காக்கின்றன.

இக்காவலில் ஓர் இடம் காலியானால் என்ன செய்வது? நம் லயங்களில் அரிசி தீர்ந்த வீட்டார் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்குவதுண்டு. நாடுகளும் அவ்வாறே செய்தன. அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் குறைந்துபோன வேளையில், 1991இல் ஐரோப்பியர் தங்கள் மெட்டியோசாட்-3ஐ மேற்கே நகர்த்தி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கவனித்து உதவினர். பின்னர் ஜப்பானுக்கு இக்கட்டு நேர்ந்தது. 1999 நவம்பரில் அது ஏவிய புதிய செயற்கைக்கோள் ராக்கெட் பழுதால் அழிந்தது. பழையதோ ஆயுள் கடந்து தளர்ந்திருந்தது. அப்போது அமெரிக்கா தன் கோஸ்-9ஐ மேற்குப் பசிபிக்கிற்கு நகர்த்தியது. 2003 மே முதல் 2005 ஜூன் வரை, ஜப்பானின் புதிய செயற்கைக்கோள் பணியேற்கும் வரையில், அதுவே இப்பகுதியைக் கண்காணித்தது. உதவி பெற்றவர் பின்னர் உதவி அளித்தவரானார்.

தற்போது ஜப்பானின் ஹிமாவாரி-9 இப்பணியைச் செய்கிறது. ஹிமாவாரி என்றால் சூரியகாந்தி. 2022 டிசம்பரில் பணியேற்ற அது, 10 நிமிடங்களுக்கு ஒருமுறை தன் பார்வைக்குள் அடங்கும் பூமிப்பரப்பு முழுவதையும் படம் பிடிக்கிறது. அப்படங்கள் நமது வானிலை ஆய்வுத் துறைக்கும் கிடைக்கின்றன.

எனினும் எந்த நிரையில், எத்தனை மணிக்கு மழை பெய்யும் என்று செயற்கைக்கோள் கூறாது. பிற்பகலில் திடீரெனத் திரளும் இடிமழையைப் பல மணி நேரத்திற்கு முன்பே குறித்துச் சொல்வது இன்றும் கடினம். ஆனால் தொடர்மழை வருமுன் எச்சரிக்க முடிகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் கடுமை, சிவப்பு என்றால் அபாயம். இம்மூன்று நிறங்களையும் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். சிவப்பு அறிவிப்பு வந்தால் ஆற்றோரத்தில் வாழ்வோர் தாமதியாமல் மேட்டுநிலம் சேர வேண்டும்; ஆவணங்களையும் மருந்துகளையும் முன்கூட்டியே பையில் கட்டி வைத்தல் நன்று.

பல நாடுகள் ஒன்றுகூடி அனுப்பும் செய்தி அது. அதைக் கேட்டு நடப்பது நம் கையில் உள்ளது.