சல்லடைக்கு முன்னும் பின்னும்

திருவக்கரை கல்மரங்கள் புதைந்து கிடக்கும் கடலூர் மணற்கல்லில் சில துண்டுகள் கையால் கசக்கினாலே உதிரும், சில சுத்தியலுக்கும் மசியாது. இப்படிப்பட்ட கல்லின் துகள் அளவு வரைபடம் கோணலாவது பெரும்பாலும் சலிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை

• துகள்கள் எதனால் ஒட்டியிருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு ஒட்டு. அமிலத்தில் ஊறவைத்துப் பிரிக்கலாம். சிலிக்கா ஒட்டு என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கல்லைக் கண்ணாடிபோல் மெலிதாகச் சீவி நுண்ணோக்கியில் அளப்பதே வழி.

• பிரித்த மணலில் ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வையுங்கள். இரண்டு மூன்று துகள்கள் ஒட்டிக்கொண்டு ஒரே துகளாக நடிக்கும். புதிதாக உடைந்த முகங்கள் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் மாணவர்கள் அதிகம் தவிர்ப்பதும் இதைத்தான்.

• துகள் அளவைக் குறிக்கும் ஃபை அளவுகோலில் அரை ஃபை இடைவெளியில் சல்லடைகளை அடுக்குங்கள். கிரம்பைன் 1934இல் தந்த இந்த அளவுகோலில் 2 மி.மீ. என்பது -1 ஃபை, 0.0625 மி.மீ. என்பது 4 ஃபை. எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். அச்சில் இதைக் குறித்துவிடுங்கள்.

• சலித்த பிறகு எல்லாப் பங்குகளின் எடையையும் கூட்டித் தொடக்க எடையோடு ஒப்பிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• இரும்பு உலக்கையால் இடிக்காதீர்கள். குவார்ட்ஸ் உடைந்தால் பாறையில் இல்லாத நுண்மணல் வரைபடத்தில் முளைக்கும். ரப்பர் முனை உலக்கையால் உருட்டித் தேய்த்தாலே போதும்.

• கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லுக்கு அமிலம் வேண்டாம். ஒட்டோடு சிப்பித் துண்டுகளும் கரைந்துபோகும். அவையும் படிந்த துகள்கள்தானே!

• சீவலில் அளந்ததையும் சலித்ததையும் ஒரே வளைகோட்டில் சேர்க்காதீர்கள். வெட்டு எல்லாத் துகள்களின் நடுவிலும் போவதில்லை, அதனால் அவை சிறிதாகத் தெரியும். தவிர, சீவலில் கிடைப்பது எண்ணிக்கை, சல்லடையில் கிடைப்பது எடை.

• சாதாரணக் கட்டத்தாளோடு நிறுத்தாதீர்கள். வளைகோட்டிலிருந்து புள்ளிவிவரம் கணக்கிடும் ஃபோக்–வார்ட் (1957) சூத்திரங்களுக்கு 5, 95 சதவீதப் புள்ளிகளும் வேண்டும். சாதாரணத் தாளில் வளைகோட்டின் வால் அங்கே படுத்துவிடும். நிகழ்தகவுத் தாளில் தெளிவாகப் படிக்கலாம்.

• அடித்தட்டில் நிறையப் பொடி விழுந்தால் 4 ஃபைக்கு அப்பால் கையால் கோடு இழுக்காதீர்கள். அந்தப் பொடியை அளக்கப் பிப்பெட் முறை இருக்கிறது.

• வளைகோட்டை மட்டும் பார்த்து "கடற்கரை மணல்" என்று எழுதிவிடாதீர்கள். பழைய கடற்கரையை ஆறு அரித்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் கோடு அப்படித்தான் வரும். குறுக்குப் படுகையா, புழு வளையா, சிப்பியா என்று பாறை முகத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.