சம்பளத் துண்டில் நான்கு சொற்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேஜ், சாலரி, அலவன்ஸ், இன்சென்டிவ் என்ற நான்கும் அகராதியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன, எப்படிப் பிரித்தறிவது என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறாய். அகராதியை மூடிவிட்டு அம்மாவின் சம்பளத் துண்டை எடு. மலையகத்தில் இந்தச் சொற்களின் வேறுபாடு ரூபாய்க் கணக்கில் தெரியும்.

முதல் இரண்டும் எளிது. உன் பாடசாலை ஆசிரியருக்கு மாதத்துக்கென்று வருவது சாலரி. தோட்டத்தில் அம்மாவுக்குப் பேர் விழுந்த, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவான, நாளுக்கு வருவது வேஜ். நாம் இரண்டையும் சம்பளம் என்றே சொல்கிறோம்.

மற்ற இரண்டில்தான் கவனம் வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கான 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். வரவுக்கு 60, கொழுந்தின் அளவுக்கு 140, இவை இரண்டும் இன்சென்டிவ். மிச்சம் 30 தேயிலை விலைப் பங்கு. இன்சென்டிவ் என்றால் நிபந்தனையோடு வருகிற காசு. அன்று, மாதத்தில் வேலை தந்த நாட்களில் 75 வீதம் போகாதவர்களுக்கு அந்த 60 கிடைக்கவில்லை. காய்ச்சலில் லயத்தில் படுத்திருந்தாலும் கிடைக்கவில்லை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் கட்ட வேண்டும். அன்று அது 500க்குத்தான் கணக்கிடப்பட்டது: நாளுக்கு 100 ரூபாய். 730 முழுவதும் வேஜ் என்று எழுதப்பட்டிருந்தால் 146 சேர்ந்திருக்கும். ஒரு சொல்லை மாற்றிப் போட்டதில் முதுமைக்கான சேமிப்பில் நாளுக்கு 46 ரூபாய் போயிற்று. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

அலவன்ஸைப் பெயரை மட்டும் வைத்து எடைபோடாதே. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு என்ற அலவன்ஸையும் நிதி கட்ட வேண்டிய உழைப்பின் வருமானமாகவே எண்ணுகிறது. மேலதிக நேரக் காசை அப்படி எண்ணுவதில்லை. ஆகவே அலவன்ஸ் என்ற சொல்லைக் கண்டால், எதற்காகத் தருகிறார்கள் என்று கேள்.

2026 வரவு செலவுத் திட்டமும் தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1750 ரூபாயை இரண்டாகப் பிரித்தே முன்மொழிந்தது: நாட்சம்பளம் 1550, அரசு தரும் வரவு ஊக்குவிப்பு 200. மேடையில் கேட்பது 1750 மட்டும்தான்.

ஒரு வேலை தருகிறேன். துண்டில் அம்மாவிடம் சேமலாப நிதிக்குப் பிடித்த தொகையைப் பன்னிரண்டரையால் பெருக்கு. வருகிற தொகை எந்தெந்த வரிகளின் கூட்டு என்று தேடிப் பார். அந்த வரிகளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்