பட்டப்பெயரைக் கதையாக்குவது எப்படி?

பள்ளிக் கிண்டலையும் விடலைக் காதலையும் வைத்து நகைச்சுவைக் கதை எழுத ஆசையா? நம்ம புதுச்சேரியிலேயே பாடம் இருக்கு. யான் மார்ட்டெல் எழுதி 2001-இல் வெளியாகி, 2002-இல் புக்கர் பரிசு வாங்கிய 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முதல் பகுதியைப் படிங்க.

நாயகன் பெயர் பிசின் மோலிட்டோர் படேல். அது பாரீஸில் உள்ள ஒரு நீச்சல்குளத்தின் பெயர். பசங்க அதை ஆங்கிலத்தில் 'சிறுநீர் கழிப்பது' என்று வரும்படி திரிச்சுக் கூப்பிடுறாங்க. ஆசிரியர்கள் வாயிலும் அதே உச்சரிப்பு வந்துடுது.

பெத்தி செமினேர் பள்ளிக்கு மாறியதும் அவன் என்ன செய்யறான்? ஆஜர் எடுக்கும்போது எழுந்துபோய், கரும்பலகையில் தன் பெயரை எழுதி, "என்னை எல்லாரும் 'பை'ன்னு கூப்பிடுவாங்க" என்கிறான். பக்கத்தில் 3.14, ஒரு வட்டம். அடுத்தடுத்த வகுப்புகளிலும் இதையே செய்யறான். கொஞ்ச நாளில் ஓம்பிரகாஷ் என்ற பையன் தன்னை 'ஒமேகா' ஆக்கிக்கிறான்!

கவனிங்க: கிண்டல் செஞ்சவங்களை எழுத்தாளர் தண்டிக்கவே இல்லை. சிரிப்பை மட்டும் பாதிக்கப்பட்டவன் கைக்கு மாத்திட்டார்.

நாவலில் காதலி இல்லை. ஆங் லீயின் 2012 படத்தில்தான் நடனம் கற்கும் ஆனந்தி வருகிறாள்.

இப்போ உங்க முறை. பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ டவுன் பள்ளிக்கு பஸ்ஸில் வரும் ஒருத்தன். வகுப்பே அவனை 'பட்டிக்காடு' என்கிறது. அவனுக்குப் பிடிச்ச பொண்ணு முதல்முறையா வந்து, "உன் நிஜப் பேர் என்ன?" என்று கேட்கிறாள். அவன் பதிலை எழுதுங்க. வாசகர் அவனோடு சேர்ந்து சிரிக்கணும், அவனைப் பார்த்து இல்லை.