பார்சல் சாப்பாடும் வளரும் பிள்ளைகளும்

 

இஷா தொழுகை முடிந்த பிறகு திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலோ ஜாம் பஜார் பக்கமோ நடந்தால், கடைக்குக் கடை பார்சல் கவர்களோடு ஆட்கள் நிற்பதைக் காணலாம். ஒரு பக்கம் பரோட்டாக் கல், மறுபக்கம் ஷவர்மா அடுப்பு, நடுவில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் டெலிவரிப் பையன்கள். சாப்பாட்டுக்குப் பெயர்போன வட்டாரம் நம்முடையது. மேன்ஷன்களில் தங்கிப் படித்தவர்களுக்கும் வேலை தேடி வந்தவர்களுக்கும் இங்குள்ள மெஸ்களும் ஓட்டல்களும்தான் பல தலைமுறையாகச் சோறு போட்டு வருகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாம் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. முன்பு விருந்தினர் வந்தால், பெருநாள் வந்தால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்சல் வாங்குவோம். இன்று பல வீடுகளில் 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் பார்சல்தான் சாப்பாடு. இது உடம்புக்கு நல்ல பழக்கமா? யாரையும் குற்றம் சொல்லாமல் இந்தப் பாடத்தில் கணக்கைப் பார்ப்போம்.

1. இந்த வயது ஏன் முக்கியம்?

குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உடம்பு மிக வேகமாக வளர்வது இந்த வயதில்தான். ஒரு மனிதரின் எலும்பு வலுவில் ஏறக்குறைய 90 சதவீதம், பெண் பிள்ளைகளுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு இரும்புச் சத்து தேவை.

கிடைப்பது எவ்வளவு? மத்திய சுகாதார அமைச்சகம் 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கும், ஆண் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது. அதே வயதினரில் சுமார் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் முன்நிலையும் காணப்பட்டது. ஒரு பக்கம் சத்துக் குறைவு, மறுபக்கம் சர்க்கரை நோயின் வாசல். இரண்டும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே பிள்ளையிடம் இருக்கின்றன.

சர்க்கரை நோய் நமக்கு அன்னியமானதல்ல. நம் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. வீட்டில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் மாத்திரை டப்பா இருக்கிறது என்றால், பிள்ளையின் தட்டில் என்ன விழுகிறது என்பதை இப்போதே கவனிப்பது நல்லது.

2. பார்சலில் என்ன இருக்கிறது?

எல்லாப் பார்சலும் ஒன்றல்ல. இட்லி, இடியாப்பம், சாம்பார் சாதம், தயிர் சாதம், மீன் குழம்புச் சாப்பாடு ஆகியவையும் பார்சலில் கிடைக்கின்றன. ஆனால் பிள்ளைகள் விரும்பிக் கேட்பது பரோட்டா, சிக்கன் ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், சிக்கன் 65, ஷவர்மா, பர்கர், கூடவே ஒரு கோலா பாட்டில். இவற்றில் மூன்று விஷயங்கள் கூடுதலாக இருக்கின்றன.

முதலாவது உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோயா சாஸ், சால்னா, ஊறவைத்த கோழி, அப்பளம், ஊறுகாய் என்று சேரும்போது ஒரே வேளையில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது எண்ணெய். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 6 தேக்கரண்டி எண்ணெய் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. பரோட்டா மாவை எண்ணெயில் ஊறவைத்து, வீசும்போது தடவி, கல்லில் மறுபடியும் ஊற்றுகிறார்கள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பதும் ஒரு கேள்வி. திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் உருவாகும் கெடுதலான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் சட்டம். வாங்குபவருக்கு அதை அளக்க வழியில்லை. வீட்டு அடுப்பில் இருக்கும் எண்ணெயின் வயது மட்டுமே நமக்குத் தெரியும்.

மூன்றாவது சர்க்கரை. 250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். அதே பிள்ளைக்கு ஐந்து கரண்டி சர்க்கரை போட்டு ஒரு தம்ளர் டீ கொடுக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார்.

3. பார்சலில் என்ன இல்லை?

கெடுதல் என்ன இருக்கிறது என்பதைவிட, வேண்டியது என்ன இல்லை என்பதுதான் வளரும் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம். பரோட்டா சால்னாவில் கீரை இல்லை. ஃப்ரைட் ரைஸில் இரண்டு பீன்ஸ் துண்டும் ஒரு பிடி முட்டைக்கோசும் இருக்கும். பருப்பு, பயறு, பழம், பால், தயிர் எதுவும் கிடையாது. தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வயிறு நிறைந்துவிடுகிறது, ஆனால் எலும்புக்கும் இரத்தத்துக்கும் போக வேண்டியது போகவில்லை. அதனால்தான் உடம்பு பருத்த பிள்ளைக்கும் இரத்தசோகை வருகிறது.

4. பாதுகாப்பு

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. இவை பயமுறுத்துவதற்கான செய்திகள் அல்ல, கவனமாக இருப்பதற்கானவை. சுழலும் கம்பியில் வெளிப்பக்கம் வெந்து உட்பக்கம் வேகாத இறைச்சி ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது நம் பொறுப்பு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எட்டு மணிக்கு வாங்கிய பிரியாணியை மேசையில் வைத்துவிட்டு, டியூஷன் முடிந்து பதினொரு மணிக்கு வரும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து, ஆவி பறக்கச் சுடவைத்து ஒரே முறை பரிமாற வேண்டும். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

செய்தித்தாளில் பொட்டலம் கட்டினால் மை உணவில் கலக்கும். சூடான சால்னாவைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றுவதும் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு தூக்கோ டிபன் டப்பாவோ எடுத்துச் செல்வது இரண்டுக்கும் தீர்வு. கெட்டுப்போன உணவு, அழுக்கான சமையலறை பற்றிய புகார்களை மாநில உணவு பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பலாம்.

5. பணக் கணக்கு

ஒரு பார்சல் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள், வாரம் நான்கு நாள் என்றால் வாரத்துக்கு 1,040 ரூபாய். ஒரு வருடத்துக்கு 54,000 ரூபாய்க்கு மேல். கல்வி உதவி கேட்டு விண்ணப்பம் எழுதும் குடும்பத்துக்கு இது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவாக இருக்கலாம். கைபேசிச் செயலியில் ஒவ்வொரு நாளும் நூறு, இருநூறாகப் போவதால் மொத்தம் கண்ணில் படுவதில்லை.

6. மார்க்கம் சொல்லும் அளவு

உணவைப் பற்றிப் பேசும்போது நாம் 'ஹலால்' என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். குர்ஆன் அதோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். கடைப் பலகையில் ஹலால் என்று எழுதியிருந்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இந்த எண்ணெய் நல்லதா, இந்த அளவு நல்லதா என்ற இரண்டாவது கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த அளவு நாம் அனைவரும் அறிந்ததே.

வெளியிலிருந்து வரும் உணவெல்லாம் தீது என்றும் இதற்குப் பொருளில்லை. ரமளானில் பள்ளிவாசலுக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போய் நோன்புக் கஞ்சி வாங்கி வருகிறோமே, அதுவும் பார்சல்தான். அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு என்று நிதானமாக வெந்த உணவு. வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பினர் பல ஆண்டுகளாகச் சமைத்துக் கொண்டுவருவதும் எளிய சைவ உணவே. ஆகவே எங்கே சமைத்தார்கள் என்பதைவிட என்ன சமைத்தார்கள், எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதே முக்கியம். அந்தக் கஞ்சிக்குப் பிறகு ஒரு தட்டு பஜ்ஜியும் சமோசாவும் சாப்பிட்டு, சஹர் வரை கடைத்தெருவில் சுற்றினால் கஞ்சியின் பலன் கிடைக்காது.

7. என்ன செய்யலாம்?

அப்பா வெளிநாட்டில், அம்மா வேலைக்குப் போகிறார், வீடு ஒற்றை அறை, பிள்ளை வீடு திரும்ப இரவு ஒன்பது மணி. இப்படிப்பட்ட வீட்டில் 'தினமும் சமையுங்கள்' என்று சொல்வது எளிது, செய்வது கடினம். அதனால் செய்ய முடிந்தவற்றை மட்டும் சொல்கிறோம்.

அ) பார்சலுக்கு நாள் குறியுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். எந்த நாள், எந்தக் கடை என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அடியோடு தடை செய்தால் பள்ளிக்கு வெளியே ஒளித்துச் சாப்பிடுவார்கள்.

ஆ) பார்சலோடு வீட்டிலிருந்து ஒன்றைச் சேருங்கள். பரோட்டா வாங்கினால் வெங்காயம், வெள்ளரிக்காய், தயிர். ஃப்ரைட் ரைஸ் வாங்கினால் அவித்த முட்டை, ஒரு கொய்யா. கோலாவுக்குப் பதில் மோர் அல்லது எலுமிச்சைச் சாறு.

இ) பசியோடு வரும் பிள்ளைக்கு ஆறு மணிக்கே ஏதாவது கொடுங்கள். சுண்டல், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை எதுவானாலும் சரி. பசி அடங்கினால் இரவு ஆர்டரின் அளவும் குறையும்.

ஈ) விடுமுறை நாளில் தால்சாவுக்குப் பருப்பும் காயும் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் இரவுக்கும் ஆகும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகு அடைக்குள் முருங்கைக்கீரை போட்டால் இரும்புச் சத்தும் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்த இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் போகட்டும்.

உ) ஆண் பிள்ளைகளுக்கும் சமையல் கற்றுக்கொடுங்கள். முட்டை பொரியல், எலுமிச்சை சாதம், ரவை உப்புமா ஆகிய மூன்றும் தெரிந்த பையன், அம்மா வீட்டில் இல்லாத நாளில் கைபேசியைத் தேட மாட்டான். நாளை மேன்ஷனிலோ வெளிநாட்டிலோ தங்கும்போதும் அது உதவும்.

ஊ) பிள்ளைக்கு அடிக்கடி களைப்பு, தலைச்சுற்றல், கழுத்தைச் சுற்றிக் கருமை, வேகமாக ஏறும் எடை இருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையிலோ மாநகராட்சி சுகாதார மையத்திலோ பரிசோதனை செய்யுங்கள்.

ஊராகச் செய்ய வேண்டியதும் உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் இந்திய விதி சொல்கிறது. லண்டனில் 2021 முதல் பள்ளியிலிருந்து 400 மீட்டர் நடை தூரத்துக்குள் புதிய பார்சல் கடைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்பது நகரத் திட்டத்தின் கொள்கை. நம் பள்ளி வாசலில் என்ன விற்கிறார்கள் என்பதைப் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் கேட்பது நம் உரிமை. கடை நடத்தும் சகோதரர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: மாணவர்களுக்காக முட்டை, பருப்பு, காய் சேர்ந்த ஒரு மலிவான சாப்பாட்டைப் பட்டியலில் வையுங்கள். அது வியாபாரம், நன்மையும் கூட.

முடிவாகச் சொன்னால், எப்போதாவது வாங்கும் பார்சல் கெடுதல் அல்ல. வாரம் மூன்று நான்கு முறை, அதுவும் மைதாவும் பொரித்ததும் கோலாவுமாக இருந்தால், வளரும் பிள்ளைக்கு அது நல்ல பழக்கம் அல்ல.

வீட்டில் கலந்து பேச:

• சென்ற வாரம் நம் வீட்டில் எத்தனை பார்சல் வாங்கினோம்? மொத்தச் செலவு எவ்வளவு?
• அவற்றில் எத்தனை முறை காய், கீரை, பழம் இருந்தது?
• பார்சல் வாங்கக் காரணம் பசியா, நேரமின்மையா, ஆசையா, நண்பர்களா?
• அடுத்த வாரம் எந்த ஒரு நாளை மாற்றலாம்? அன்று யார் சமைப்பது?

இந்த நான்கு கேள்விகளை இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் கேளுங்கள். பதிலைப் பிள்ளைகளே சொல்லட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் நம் உணவில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.