சீமைக்கருவேல்: பழியும் பயனும்

மழை பொய்க்கும் ஆண்டுகளில் இராமநாதபுரத்தில் எழும் ஒரு குற்றச்சாட்டு, பாக்கு நீரிணையைக் கடந்து வெள்ளவத்தை வீடுகளின் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. வறட்சிக்கெல்லாம் மூலகாரணம் சீமைக்கருவேல் என்னும் அமெரிக்கக் கண்டத்து விருட்சமே என்பது அதன் சாரம். அம்பாந்தோட்டையிலும் மன்னாரிலும் இம்மரம் வேரூன்றி நிற்பதால், அதன்மேல் சுமத்தப்படும் பழிகளை நிதானமாக ஆராய்வது நமக்கும் உசிதமே.

நம்பிக்கை: காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது.

உண்மை: மழையை நிர்ணயிப்பவை பருவக்காற்றும் கடலுமேயன்றி ஒரு மரமன்று. சென்னை மாகாணத்துக்கு 1870களில் விறகின் பொருட்டு வருவிக்கப்பட்டதும், அம்பாந்தோட்டையில் 1950களில் உவர்நிலத்தைச் சீர்ப்படுத்தும் நோக்குடன் நடப்பட்டதுமான இம்மரம், ஏற்கெனவே வறண்டிருந்த பிரதேசங்களுக்கே கொண்டுவரப்பட்டது. ஆழத்து நீரை அது பருகும் என்பது மட்டும் மெய். இதன் இனத்து மரமொன்றின் வேர் அரிசோனாச் சுரங்கமொன்றில் 50 மீற்றருக்கும் கீழே காணப்பட்டதுண்டு.

நம்பிக்கை: அது நின்ற மண் பாழாகிவிடும்.

உண்மை: அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கின்றன, உதிரும் இலைகள் மட்கி உரமாகின்றன. அரியானாவின் கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையத்தார், பயிரேதும் ஏற்காத கடுங்காரநிலத்தில் இதனைப் புல்லோடு வளர்த்து அம்மண்ணைத் திருத்திக் காட்டினர். அடர்ந்த புதரின் கீழ் வேறு செடி முளைப்பதரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு நிழலும், இலைகளிலிருந்து கசியும் இரசாயனங்களுமே ஏது, மண்ணின் வறுமையன்று.

நம்பிக்கை: விறகுக்கும் கரிக்குமன்றி வேறெதற்கும் உதவாது.

உண்மை: கமுதி, சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்களை மட்டும் கண்டவர்கள் அவ்வாறு எண்ணுவது இயல்பே. எனினும் இதன் வைரம் கனமும் உறுதியும் வாய்ந்தது. உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால், பொருத்திய மூட்டு எளிதில் விலகாது. கொழும்பு மரக்காலைகளில் நீண்ட பலகையே கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் குட்டையான, கோணலான அடிமரம் ஏமாற்றமளிக்கலாம். ஆயின் கதிரைக்கால், ஆயுதப்பிடி, தரையிற் பதிக்கும் சிறுகட்டை ஆகியவற்றுக்கு நீளம் எதற்கு? ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும் புதரில் நேரான ஒன்றை மாத்திரம் நிறுத்தி, ஏனையவற்றை வெட்டி விறகாக்கி, பக்கக்கிளைகளைக் கழித்து, மரத்துக்கு மரம் இடம்விட்டு வளர்த்தால், முள்ளடர்ந்த காடு சில ஆண்டுகளில் மரத்தோப்பாக மாறும். இடைவெளியிற் புல்லும் தலைதூக்கும்.

நம்பிக்கை: வெட்டிவிட்டால் தொலைந்துவிடும்.

உண்மை: நிலமட்டத்தில் வெட்டுவது அதனைப் பெருக்கும் வழியேயாகும். தண்டும் வேரும் கூடுமிடத்தில் உறங்கும் மொட்டுகள், வெட்டுப்பட்டதும் விழித்துக் கொத்தாகத் தளிர்க்கும். ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் எழும். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கேனும் தோண்டி, அம்மொட்டுப் பகுதி முழுவதையும் அகற்றினாலன்றி மரம் சாகாது. அதன்பின்னும் மண்ணிற் புதைந்த விதைகள் முளைக்குந்தோறும் பிடுங்க வேண்டும்.

நம்பிக்கை: இத்தனை பயனுள்ளதாயின் தரிசெங்கும் நடலாம்.

உண்மை: முதற் பிழையினும் இது கொடிது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புந்தலவில், வலசைப் பறவைகள் வந்திறங்கும் களப்புகளின் ஓரங்களை இம்மரமே ஆக்கிரமித்தது. இனிப்பான காய்களைத் தின்னும் மாடுகள், செரியாத விதைகளைச் சாணத்தோடு புதிய இடங்களில் இட்டுவிடுவதால், வேலியாலும் அதனைக் கட்டுப்படுத்த இயலாது. ஆதலின் புதிதாக நடுவது எவ்விடத்தும் தகாது. சரணாலயங்களிலும் நீர்நிலைகளிலும் வேரோடு களைவதே கடமை. ஏற்கெனவே மண்டிக்கிடக்கும் உவர்த்தரிசில் மட்டும், ஆண்டுதோறும் கவாத்துச் செய்யவும் காய்களை உதிருமுன் சேகரிக்கவும் ஆள்பலமுள்ளவர்கள் அதனை மரமாகப் பேணலாம். அந்த உழைப்புக்கு வழியில்லாதவர்கள் அங்கேயும் அதனை அகற்றிவிடுவதே நலம்.