நாற்பது நாள் முடிந்ததும் ஒரு சர்க்கரைப் பரிசோதனை



கர்ப்ப காலத்தில் சிலருக்குச் சர்க்கரை கூடும். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் அது தானாக இறங்கிவிடும். "சர்க்கரை போய்விட்டது" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறோம். ஆனால், அப்படிச் சர்க்கரை வந்த தாய்க்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் 7 மடங்கு அதிகம்.

காரணம் எளிது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை முழுதாக வேலை செய்ய விடுவதில்லை. அதற்கு ஈடுகொடுக்க முடியாத உடலில் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சு விழுந்ததும் தடை நீங்கிவிடும். உடலின் பலவீனம் நீங்குவதில்லை.

இந்தப் பிரச்சினையை நம் நாட்டில் விடாமல் எடுத்துச் சொன்னவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. 2007-இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

கர்ப்பத்தில் இந்தப் பரிசோதனை தவறுவதில்லை. பிரசவத்துக்குப் பின் செய்ய வேண்டியதுதான் விட்டுப்போகிறது. ஆறாவது வாரம், பெண் தாய் வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குத் திரும்பும் நேரம். இரண்டு வீட்டுக்கும் நடுவே யாரும் நினைவூட்டுவதில்லை.

ஆகவே குடும்பத்தார் செய்ய வேண்டியவை:

1. நாற்பது நாள் கணக்கு நமக்குத் தெரிந்ததே. அது முடியும் வாரத்தில், கர்ப்பகால அட்டையுடன் நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வெறும் வயிற்றில் அழைத்துச் செல்லுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவும்.

2. பாலூட்டுவது தாய்க்கும் நீரிழிவு வாய்ப்பைக் குறைக்கிறது. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்குத் திருக்குர்ஆன் (2:233) இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது.

3. பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கணவன் மனைவி இருவரும் கலந்து பேசி, மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். அடுத்த கர்ப்பம் தரித்ததும் முதல் வருகையிலேயே பழைய சர்க்கரையைச் சொல்லிவிடுங்கள்.

4. ரமலானில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. நோன்பு வைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டார் வற்புறுத்த வேண்டாம்.

உடல்நலம் அல்லாஹ் தந்த அமானிதம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் தேதியை மறக்காத நாம், தாயின் பரிசோதனைத் தேதியையும் மறக்காதிருப்போம், இன்ஷா அல்லாஹ்.