கிட் கிளைக்கு முகவரி எழுதுவோம்!

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல்)

கிளை பிரிவதைப் பற்றிப் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007-ல் மீண்டும் தனி மாவட்டமானது. ஒவ்வொரு தடவையும் மனுவை எந்தக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புவது என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? நம் புராஜெக்ட் புரோகிராமும் அப்படித்தான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' மென்பொருளில், நம் கம்ப்யூட்டரில் உள்ள கிளை சர்வரில் உள்ள எந்தக் கிளையோடு சேர்ந்தது என்று பதிந்து வைப்பதற்குத்தான் டிராக்கிங் என்று பெயர். சர்வரில் உள்ள அந்தக் கிளை 'அப்ஸ்ட்ரீம்'.

புதுக் கிளை என்றால்

கிட் ஸ்விட்ச் -சி ரிப்போர்ட்

இதற்கு இன்னும் முகவரி இல்லை. வெறும் 'கிட் புஷ்' கொடுத்தால், அப்ஸ்ட்ரீம் இல்லை என்று மறுத்துவிடும். உடனே நம்ம ஆளுங்க பென் டிரைவைத் தேடுவாங்க! அது வேண்டாம். முதல் தடவை மட்டும் இப்படிக் கொடுங்கள்:

கிட் புஷ் -யு ஒரிஜின் ரிப்போர்ட்

அந்த 'யு'வில்தான் சூட்சுமம். அடுத்த தடவையிலிருந்து 'கிட் புஷ்', 'கிட் புல்' போதும்.

நண்பர் ஏற்கெனவே ஏற்றிய கிளை என்றால்

கிட் ஃபெட்ச்
கிட் ஸ்விட்ச் ரிப்போர்ட்

டிராக்கிங் தானாகவே அமைந்துவிடும்.

முகவரி தவறாக இருந்தால்

கிட் பிராஞ்ச் --செட்-அப்ஸ்ட்ரீம்-டு=ஒரிஜின்/ரிப்போர்ட்

இதெல்லாம் எதற்கு?

கமிட் செய்தது நம் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழு இரண்டு மாத வேலையை ஒழுங்காகக் கமிட் செய்து வைத்திருந்தது; புஷ் மட்டும் செய்யவில்லை. வைவாவுக்கு நாலு நாள் முன்னால் ஹார்டு டிஸ்க் போயிற்று. வேலையும் அதோடு போயிற்று.

ஆகவே, லேபை விட்டுப் பஸ்ஸுக்கு ஓடும் முன் இந்த இரண்டையும் கொடுங்கள்:

கிட் ஃபெட்ச்
கிட் பிராஞ்ச் -விவி

கிளைப் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'அஹெட் 3' என்றிருந்தால், மூன்று கமிட் இன்னும் சர்வருக்குப் போகவில்லை. 'பிஹைண்ட் 2' என்றால், நண்பர்களின் இரண்டு கமிட் உங்களிடம் வந்து சேரவில்லை. அடைப்பே இல்லையென்றால், அந்தக் கிளைக்கு முகவரியே கிடையாது. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஃபெட்ச் செய்யாமல் பார்த்தால் பழைய கணக்குதான் தெரியும்.

நாலு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்டில் ஒருவர் உழைப்பு ஒரு மெஷினிலேயே முடங்கிவிடக் கூடாது. இன்றே உங்கள் கிளைகளைச் சரிபாருங்கள், தோழர்களே!